வரியும் வரிவிலக்கும்: திரைக்கும் இசைக்கும் அரசளித்த ஆதரவு

தமிழில் ‘வரி’ என்னும் சொல் அரசுக்குச் செலுத்தும் இறைக்கும் பெயர், இசைப்பாட்டுக்கும் பெயர். கானல்வரியும் வேட்டுவ வரியும் பயின்றவர்கள் இரண்டாம் பொருளை மறவார்கள். தமிழ்நாட்டில் திரைப்படத்தோடு அரசு கொண்ட உறவைத் தொகுத்து நோக்கினால், இவ்விரு பொருளும் ஒன்றையொன்று துரத்தி வருவதைக் காணலாம். பாட்டும் கூத்தும் விலைக்கு விற்கப்பட்ட கொட்டகையின் வாயிலில் நின்று அரசு வரி தண்டியது. நெடுங்காலத்திற்குப் பின், தமிழைக் காட்டினால் வரியை விட்டுவிடுவதாகச் சொன்னது. சொன்னபடியே விடவும் செய்தது. அவ்வாறு விடப்பட்ட வரியால் தமிழ் பெற்றது என்ன? கவிஞர்கள் கூடும் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2006இல் அச்சலுகை அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களுள் தமிழாசிரியர்களும் கவிஞர்களும் பலர். அதன் விளைவை எடைபோடுவதும் நம் கடமையே.

வெள்ளையர் ஆட்சிக்குத் திரைப்படத்தின்மீது இருந்த முதல் உணர்ச்சி அச்சம். 1918ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் தணிக்கைக்காகவும் கொட்டகை உரிமத்திற்காகவும் இயற்றப்பட்டதே அன்றி, கலையை வளர்ப்பதற்காக அன்று. 1927இல் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் ரங்காச்சாரியார். அமெரிக்கப் படங்களை விலக்கிப் பிரிட்டிஷ் படங்களுக்கு இந்தியாவில் இடம் பிடித்துத் தருவது ஆட்சியாளரின் விருப்பமாக இருந்தது. மறு ஆண்டு வெளிவந்த அறிக்கையில் குழுவின் பெரும்பான்மையினர் அதற்கு இசையவில்லை. இந்தியப் படத்தொழிலுக்கே அரசு கைகொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். பரிந்துரைகள் ஏட்டளவில் நின்றன. எனினும், ‘திரைத்தொழிலுக்கு அரசின் ஆதரவு’ என்னும் எண்ணத்தை ஓர் அரசு ஆவணத்தில் முதன்முதலில் அழுத்தமாகப் பதித்த குழுவின் தலைவர் தமிழகத்தவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1937இல் சென்னை மாகாணத்தில் இராசாசி அமைச்சரவை பொறுப்பேற்றது. அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள்ளும் சாராயமும் தந்த வருவாய் குறைந்தால் அரசு வேறு வழி தேடியாக வேண்டும். 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதே 1939இல் கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. இராசாசிக்குத் திரைப்படத்தின்பால் இருந்த வெறுப்பு நாடறிந்தது. சட்டத்தின் வரையறையில் குதிரைப் பந்தயமும் திரைப்படக் காட்சியும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதைப் பார்த்தால், அக்காலத்து ஆட்சி இக்கலைக்கு அளித்த மதிப்பு விளங்கும். அச்சட்டம் பெயர் மாறித் திருத்தங்கள் பல பெற்று, 78 ஆண்டுகள் வாழ்ந்தது.

வரி வாங்கிய அதே அரசு, ஓசையின்றிச் சில நல்ல செயல்களையும் செய்தது. அவற்றை நம் திரை வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை. 1945இல் சென்னையின் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடங்களாயின. இந்திய அரசு பூனாவில் திரைப்பட நிறுவனம் தொடங்கியது 1960இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இவ்விதை ஊன்றப்பட்டுவிட்டது. இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அவ்விதையிலிருந்து எழுந்ததே. ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ ஆகிய படங்களில் இருளையும் தமிழ்த்திரை ஒரு வண்ணமாகக் கையாளக் கற்றது. அவற்றின் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்குப் பயின்றவர். 1986இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ அந்நிறுவனத்தின் மாணவர்கள் கூடி உருவாக்கிய படம். அரசு இவர்களிடம் மொழி பற்றியோ பண்பாடு பற்றியோ உறுதிமொழி எதையும் கேட்டுப் பெறவில்லை. கருவியைக் கையாளக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவே.

1949இல் சென்னையில் மத்திய கருநாடக இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இவர் 1938இல் ‘துக்காராம்’ என்னும் படத்தில் தலைமை வேடம் ஏற்று நடித்தவர் என்பதை இன்று அறிந்தோர் சிலரே. செவ்விசைக்கும் திரைக்கும் இடையே இன்று நாம் எழுப்பிக்கொண்டிருக்கும் மதில் அன்று இல்லை. திரையில் பாடிய ஒருவரை இசைக் கல்லூரியின் தலைமையில் அமர்த்த அரசு தயங்கவும் இல்லை. அதே 1949இல் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை சென்னை அரசின் ஆஸ்தானக் கவிஞரானார். அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ புதினம், மு. கருணாநிதியின் உரையாடலோடும் எம்.ஜி.ஆரின் நடிப்போடும் 1954இல் திரைக்கு வந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அரசுக் கவிஞர் ஒருவர், வருங்கால முதலமைச்சர் இருவர் என மூவர் ஒரு படத்தில் சந்தித்தது தமிழ்நாட்டில்தான் நிகழக்கூடியது.

1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் உறவின் தன்மையே மாறிற்று. திரைப்படத்திற்குக் கதை உரையாடல் எழுதியவர்களும் அதில் நடித்தவர்களும் ஆட்சியாளர் ஆயினர். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள் அக்காலத்தில் தோன்றியவை. 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்து அரசு விழாக்களில் பாடப்பெற வேண்டும் என ஆணை பிறந்தபோது, மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலுக்கு மோகன இராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ். விசுவநாதன், பாடியவர்கள் டி.எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும். 2021 திசம்பரில் அதனை மாநிலப் பாடலாக அறிவித்த ஆணை, இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றோர் வாயால் பாட வேண்டும் என்றும் கூறியது. அரசும் கவிதையும் திரையிசையும் ஒருசேர நின்ற தருணங்களுள் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். இதற்கு அரசு செலவிட்டது மிகச் சிறிதே. எம்.ஜி.ஆர். ஆட்சியில், அவரைக் கடுமையாகச் சாடி எழுதிய கண்ணதாசன் 1978இல் அரசவைக் கவிஞரானதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

விருதுகளைப் பற்றி அத்துணைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. இடையிடையே பல ஆண்டுகள் அவை வழங்கப்படவே இல்லை. 2009 முதல் 2014 வரையிலான ஆறாண்டு விருதுகள் 2017 சூலையில் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கைகளுக்குச் சென்றன. பாடலாசிரியர் பட்டியலில் நா. முத்துக்குமார் பெயர் இருந்தது. அவரோ 2016 ஆகத்திலேயே மறைந்துவிட்டார். கவிஞனைப் பாராட்டுவதற்கு அவன் இருக்கும் காலம் போதாமற்போவது வருந்தத்தக்கது. பணமாகத் தந்த ஆதரவுகளும் உண்டு. சிறு முதலீட்டுப் படங்களுக்கு மானியம் தரப்பட்டது. 2007இல் வெளிவந்த ‘பெரியார்’ படத்திற்கு அரசு 95 இலட்சம் ரூபாய் அளித்தது. இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. நம் பொருளுக்கு உயிரான பகுதி இனிமேல்தான் வருகிறது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: ‘ஜெமினி’, ‘ஃபைவ் ஸ்டார்’, ‘பாய்ஸ்’, ‘ஆட்டோகிராப்’. 2004, 2005ஆம் ஆண்டுகளில் மருத்துவர் ச. இராமதாசும் தொல். திருமாவளவனும் முன்னின்ற தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம், திரைப்படங்களுக்குத் தமிழிலேயே பெயரிட வேண்டும் என்று போராடியது. ‘பி.எஃப்.’ என்று விளம்பரம் செய்யப்பட்ட படம் ‘அன்பே ஆருயிரே’ என்று பெயர் மாறிற்று. கமல்ஹாசன் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ என்னும் பெயரை மாற்ற மறுத்து, 2005இல் அப்பெயராலேயே வெளியிட்டார். தெருவில் எழுந்த இக்கோரிக்கையை 2006இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதியின் அரசு வேறு வழியில் நிறைவேற்றியது. தமிழில் பெயரிடப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கு என்று அறிவித்தது. மிரட்டலால் ஆகாதது ஊதியத்தால் ஆயிற்று. ‘சம்திங் சம்திங்’ என்னும் முன்னொட்டைக் களைந்து ‘உனக்கும் எனக்கும்’ வந்தது. ‘ஜில்லுனு ஒரு காதல்’ ‘சில்லுனு ஒரு காதல்’ ஆயிற்று. ‘ரோபோ’ என்று பேசப்பட்ட படம் 2010இல் ‘எந்திரன்’ என்று வந்தது.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இம்மாற்றங்கள் சுவையானவை. ‘ஜில்’ என்பதிலுள்ள கிரந்த எழுத்தை நீக்கிச் சகரம் இட்டது, தொல்காப்பியர் எச்சவியலில் வடசொற்கு வகுத்த நெறியே. ‘எந்திரன்’ இன்னும் நயமானது. கரும்பு பிழியும் எந்திரம் சங்கப் பாட்டிலேயே ஓசையெழுப்புகிறது. அதன் ஈற்றில் ஆண்பால் விகுதி சேர்த்து உயர்திணை ஆக்கியவர் எவராயினும், அஃறிணைப் பொருள் உயிர் பெறும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. எந்திரம் வடசொல்லா தமிழா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. வரி அலுவலகத்தில் அது தமிழாகவே தீர்ந்தது. ‘சிவாஜி’ ஆட்பெயர் என்பதால் தடையின்றிச் சென்றது. அதன்கீழ் ‘தி பாஸ்’ என்ற ஆங்கிலத் துணைப்பெயர் இருந்ததை எவரும் பெரிதுபடுத்தவில்லை.

ஆயினும் ஒரு பெயர் மாற்றம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. 2006இல் இயக்குநர் திருமுருகன் ‘எம்டன் மகன்’ என்றொரு படம் எடுத்தார். மகனை அடக்கியாளும் கடுமையான தந்தை ஒருவரின் கதை. ‘எம்டன்’ தமிழ்ச்சொல் அன்று. அது செருமானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் நகரைவிட்டு ஓடினர். கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே அழிந்தது, பெயர் அழியவில்லை. எதற்கும் அஞ்சாதவன், எமகாதகன், வீட்டை நடுங்க வைப்பவன் என்னும் பொருள்களில் தமிழ் மக்கள் அதைத் தம் பேச்சில் வாங்கிக்கொண்டனர். செருமானியனுக்கு அவ்வூர்ப் பெயரில் இப்பொருள் இல்லை, ஆங்கிலத்தானுக்கும் இல்லை. இப்பொருள் தமிழ் வழக்கில் உண்டு. சொல் பிறந்தது வேறு மண்ணில். பொருள் பிறந்தது நம் தெருவில். 92 ஆண்டுகள் தமிழர் நாவில் புழங்கிய அச்சொல், வரிவிலக்குக்காக ஒரு கிழமையில் வெளியேற்றப்பட்டுப் படம் ‘எம் மகன்’ ஆயிற்று. ஒலி ஒற்றுமையால் பெயரைக் காப்பாற்றிய திறமையைப் பாராட்டலாம். ஆனால் அப்பெயரில் தந்தை இல்லை, கதையும் இல்லை.

செய்யுள் ஈட்டுதற்குரிய சொற்கள் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு என்றார் தொல்காப்பியர். தூய்மை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், வழக்கில் வந்து நிலைத்ததற்கும் இடம் வைத்த பெருந்தகைமை அது. எம்டன் அவ்விலக்கணப்படி இக்காலத் திசைச்சொல். அரசின் ஆணையோ சொல்லின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது. ஒரு சொல் மொழிக்குள் எவ்வளவு காலம் வாழ்ந்தது, அங்கு என்ன பொருளை ஈன்றது என்று கேட்க அதற்கு வழியில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லுவது எளிதன்று. அலுவலகக் கோப்புக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ வேண்டும்.

அடுத்த கட்டத்தில் இது இன்னும் வெளிப்படையாயிற்று. 2011இல் ஆட்சிக்கு வந்த செயலலிதா அரசு சலுகையை நீக்கவில்லை, நிபந்தனைகளைப் பெருக்கியது. தமிழ்ப் பெயரோடு ‘யு’ சான்றிதழ் வேண்டும். உரையாடல் பெரும்பாலும் தமிழில் இருக்க வேண்டும். கதை தமிழ்மொழிக்கும் பண்பாட்டிற்கும் வளம் சேர்க்க வேண்டும். வன்முறையும் ஆபாசமும் மிகலாகாது. படத்தைப் பார்த்து முடிவு சொல்லக் குழுவும் அமைந்தது. தலைப்போடு நில்லாமல் உள்ளே நுழைந்து பார்க்க முனைந்தது சரியே என்று தோன்றும். ஆனால் பண்பாட்டை அளக்கும் கோல் யார் கையில்? எதிர்க்கட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த உதயநிதியின் படங்களுக்கு விலக்கு மறுக்கப்படுவதும் அவர் உயர்நீதிமன்றம் செல்வதும் வழக்கமாயின. 2016இல் அவர் நடித்த ‘மனிதன்’ படத்திற்கு விலக்கு மறுக்கப்பட்டபோது, அத்தலைப்பு தமிழ்ச்சொல் அன்று என்பது காரணமாகக் கூறப்பட்டதாகச் செய்தி வந்தது. மாந்தரும் மக்களும் தொல்காப்பியத்திலேயே உண்டு, மனிதன் வடமொழித் தொடர்புடையது என்று வகுப்பறையில் சொல்வது ஒரு செய்தி. தமிழர் நாள்தோறும் தம்மைத் தாமே சுட்டிக்கொள்ளும் சொல்லுக்கு வரி விதிப்பது முற்றிலும் வேறொரு செய்தி. வேர்ச்சொல் ஆராய்ச்சி அறிஞர் மேசையில் இருக்கும்வரை அதனால் எவருக்கும் இழப்பில்லை. அது ஆட்சியின் கைக்கருவியானால், யாருடைய படம் என்பதைப் பொறுத்துச் சொல்லின் பிறப்பும் மாறும் என்னும் ஐயம் எழுவதைத் தடுக்க இயலாது.

சலுகையின் நல்விளைவை நான் மறைக்கவில்லை. பதினோராண்டுகள் தமிழ்நாட்டுச் சுவர்களில் தமிழ்ப் பெயர்கள் நிறைந்தன. ஆண்டாளின் திருமொழியிலிருந்து ‘வாரணம் ஆயிரம்’ என்னும் தொடர் 2008இல் நகரெங்கும் ஒட்டப்பட்டது. திருப்பாவைக்கு அப்பால் ஆண்டாளை அறியாத மாணவர்கள் அதன் பொருளைக் கேட்டு என் வகுப்புக்கு வந்ததுண்டு. ஆனால் படத்தின் மாந்தர் ஆங்கிலத்தைத் தாராளமாகக் கலந்தே பேசினர். மறுபுறம் 2004இல் வந்த ‘ஆட்டோகிராப்’பை எண்ணிப் பாருங்கள். பெயர் ஆங்கிலம், அதன் பாடலுக்காகப் பா. விஜய் தேசிய விருது பெற்றார். அப்பாடலின் முதல் தொடரில் ஒருமை பன்மை மயக்கம் உண்டு என்று நாம் குறை சொல்லலாம். அதைப் பாடாத பள்ளி இல்லை. 2006ஆம் ஆண்டு ஆணைப்படி பின்னது வரி கட்ட வேண்டிய படம், முன்னது விலக்குப் பெறத்தக்கது. தமிழ் எங்கே இருக்கிறது என்பதை அரசு வாயிலில் நின்றே முடிவு செய்தது. ஏனெனில் வாயிலில்தான் அதன் ஆள் நிற்கிறான். பார்வையாளருக்கு இதனால் நுழைவுச்சீட்டின் விலை குறைந்ததாகவும் நினைவில்லை. விட்ட வரி தொழிலுக்குள் தங்கிற்று.

2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, 1939இன் சட்டம் தன் பயனை இழந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு 28 விழுக்காடு, அதற்குட்பட்டதற்கு 18 விழுக்காடு என அன்று நாடெங்கும் ஒரே வரி விதிக்கப்பட்டது; பெயர் தமிழா என்று தில்லி கேட்காது. மாநில அரசு உள்ளாட்சிகளுக்காக அதன்மேல் 30 விழுக்காடு கேளிக்கை வரி என்றது. திரையரங்குகள் சூலை 3 முதல் சில நாட்கள் மூடப்பட்டன. பின்னர் அவ்வரி தமிழ்ப் படங்களுக்கு 10 ஆகவும், அவ்வாண்டு அக்டோபரில் 8 ஆகவும் குறைந்தது. தலைப்புக்கான ஊதியம் நின்றது.

நின்றபின் நிகழ்ந்ததே நமக்கு வேண்டிய சான்று. ‘மாஸ்டர்’, ‘டாக்டர்’, ‘பீஸ்ட்’, ‘டான்’, ‘ஜெயிலர்’, ‘குட் பேட் அக்லி’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்று பெயர்கள் அணிவகுத்து வந்தன. பதினோராண்டுப் பழக்கம் ஓரிரு ஆண்டுகளில் கலைந்தது. விலை கொடுத்து வாங்கிய தமிழ், விலை நின்றதும் போய்விட்டது. 2025இல் வந்த ‘கூலி’ ஒரு வேடிக்கை. திருக்குறளிலேயே உள்ள அச்சொல், கடல் கடந்து ஆங்கிலத்தில் இழிசொல்லாகித் தோட்டங்களிலும் கப்பல்களிலும் நம்மவர் முதுகில் ஏறி, இப்போது திரும்பி வந்து ஆங்கில எழுத்துகளிலும் அச்சாகிறது. 2006ஆம் ஆண்டுக் கோப்பில் அதற்கு என்ன குறிப்பு எழுதியிருப்பார்களோ!

இதே கால அளவில் அரசின் வேறொரு கை செய்துவந்ததை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கலை பண்பாட்டுத் துறையின் கீழ்ச் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் இசைக் கல்லூரிகள் உள்ளன. 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அங்குக் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்தோடு நாகசுரமும் தவிலும் தேவாரமும் மூன்றாண்டுப் பாடங்கள். நாகசுரக்காரர் பிள்ளையும் கணினிப் படிப்புக்குப் போகும் காலத்தில், குலவழி அல்லாத ஒரு மாணவன் சீவாளியை வாயில் வைக்க இங்கு வழி கிடைக்கிறது. பெண்பிள்ளைகளும் தவில் தொடுகின்றனர். பண்ணமைந்த தேவாரம் தமிழ் இசையின் பழைய வேர் என்று மேடைகளில் நாம் முழங்குகிறோம். அதைத் தாளம் தட்டிச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு ஊதியம் கொடுப்பது இப்பள்ளிகளே. தலைப்புச் சலுகைக்குக் கிடைத்த தலைப்புச் செய்திகளில் நூற்றில் ஒன்றுகூட இவற்றுக்குக் கிடைத்ததில்லை. எத்தகைய ஆதரவைக் கேட்டு நாம் குரல் எழுப்பினோம், எதைக் கேளாமல் இருந்தோம் என்பது நம் வட்டம் போன்ற அமைப்புகளின் தீர்மான ஏடுகளைப் புரட்டினால் தெரியும்.

உள்ளாட்சிக் கேளிக்கை வரி படத்தின் மொழியைக் கேட்கிறது, பெயரைக் கேட்பதில்லை. எம்டனின் மகன் இன்று திரைக்கு வருவானாயின், தன் தந்தையின் பெயரோடே வரலாம்.